புதுப் பதிப்புக்கு மாறலாமா? பண்டாரவளைத் தம்பிக்கு ஒரு நீண்ட பதில்

பண்டாரவளைப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார்: "அண்ணே, நாங்கள் ஐந்து பேர் மூன்று வருஷமாக டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 2014 புத்தகத்தை வைத்து விளையாடுகிறோம். 2024இல் வந்த புதுப் பதிப்புக்கு மாறுவோம் என்று இரண்டு பேர், வேண்டாம் என்று இரண்டு பேர், நான் நடுவில். ஒரு புதுப் பதிப்பு விளையாட ருசியாக இருக்கிறது என்று எதை வைத்துச் சொல்வது?"

எழுத இரண்டு இரவு ஆனது. நீளம்தான், தேத்தண்ணியோடு உட்காருங்கள்.

இந்த விளையாட்டே தெரியாமல் வாசிப்பவர்களுக்கு முதலில் கொஞ்சம். ஒருவர் கதையை நடத்துவார், அவரை டிஎம் என்போம். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசுவார்கள், சண்டை போடுவார்கள், ஏமாற்றுவார்கள், ஓடுவார்கள். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வரும் இடத்தில் இருபது முகம் கொண்ட பகடையை உருட்டி முடிவு செய்வோம். மாசி மாதம் காமன் கூத்து பார்த்து வளர்ந்த தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இதில் பாதி புதிதே இல்லை. ரதி யார், மதன் யார், வீரபத்திரன் எப்போது வருவார் என்பதெல்லாம் லயத்துக்கே தெரியும், ஆனால் தப்புச் சத்தம் ஏற ஏற அன்றைக்கு அந்த வீரபத்திரன் எந்தப் பக்கம் பாய்வார் என்று மட்டும் யாருக்கும் தெரியாது.

சரி, கேள்விக்கு வருகிறேன். என் அளவுகோல் ஒன்றுதான். நல்ல புதுப் பதிப்பு, மேசைகளில் ஆட்கள் ஏற்கெனவே தாங்களாகத் திருத்தி விளையாடிக்கொண்டிருந்ததைக் கவனித்து, ஒழுங்குபடுத்தி அச்சில் போடும். மோசமான பதிப்பு, யாரும் குறை சொல்லாத இடத்தில் கைவைத்துவிட்டு முன்னேற்றம் என்று சொல்லும்.

மருந்துக் குப்பியை எடுத்துக்கொள்ளுங்கள். 2014 விதிப்படி, சண்டைக்கு நடுவில் குப்பியைக் குடித்தால் உங்கள் முறையில் இருக்கும் ஒரே பெரிய செயல் போய்விடும். சாதாரணக் குப்பி இரண்டு நாலுமுகப் பகடை, அதோடு 2 கூட்ட வேண்டும். ஆகக் குறைந்தது 4 உயிர்ப் புள்ளி திரும்பி வரும், சராசரி 7. எதிரே நிற்கும் ஓகர் என்ற பூதம் ஒரே அடியில் சராசரி 13 எடுப்பான். எங்கள் மேசையில் பலடின் என்ற புனித வீரப் பாத்திரம் விளையாடும் தங்கச்சி (வங்கியில் வேலை, கணக்கில் யாரும் கிட்ட நிற்க முடியாது) ஒரு நாள் 3 புள்ளியோடு நின்றுகொண்டு சொன்னாள்: "குடிச்சாலும் அடுத்த அடியில விழுவேன், குடிக்காட்டியும் விழுவேன். அப்ப வெட்டிட்டே விழுறேன்." கணக்கு சரி. ஆனால் கதையில் பாருங்கள், இடுப்பில் நாலு குப்பி தொங்கிக்கொண்டிருக்க ஒருத்தி ஒன்றைக்கூடத் திறக்காமல் சாகிறாள். அன்றைக்கே, குடிப்பது சின்னச் செயல், குடித்துவிட்டு வெட்டவும் செய்யலாம் என்று கொப்பியின் பின் அட்டையில் எழுதிவைத்தோம். நாங்கள்தான் பெரிய புத்திசாலிகள் என்று நினைத்திருந்தோம், பிறகு பார்த்தால் முகம் தெரியாத எத்தனையோ மேசைகளும் இதையே எழுதிவைத்திருந்தன. 2024 புத்தகம் இதைத்தான் விதியாக்கியிருக்கிறது. அந்தப் பக்கத்தை வாசித்தபோது தங்கச்சி நிமிர்ந்து எங்களை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையை வரவழைக்கிற புத்தகம் நல்ல பதிப்பு.

பழைய வரலாற்றிலும் இதே கோடுதான் ஓடுகிறது. 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னிசனும் இந்த விளையாட்டை வெளியிட்ட காலத்திலிருந்து, 1989இல் வந்த இரண்டாம் பதிப்பு முடியும்வரை, கவசத்தின் எண் குறையக் குறைய நல்லது. அடி படுமா என்று பார்க்க, இரண்டாம் பதிப்பில் 'தாக்கோ' என்ற எண்ணிலிருந்து எதிரியின் கவச எண்ணைக் கழிக்க வேண்டும். உங்கள் தாக்கோ 18, எதிரியின் கவசம் 4 என்றால் 14 உருட்ட வேண்டும், இதுவரை பரவாயில்லை. எதிரியின் கவசம் மைனஸ் 2 என்றால்? 18இலிருந்து மைனஸ் 2ஐக் கழித்து 20. ஓ.எல். கணிதத்தில் ஏ எடுத்த பொடியன்கூட இரவு பதினொரு மணிக்கு இதில் தடுமாறுவான். 2000இல் வந்த மூன்றாம் பதிப்பு அதை அப்படியே தலைகீழாகத் திருப்பியது. கவச எண் ஏற ஏற நல்லது, பகடையை உருட்டி உங்கள் எண்ணைக் கூட்டு, கவச எண்ணைத் தொட்டால் அடி விழுந்தது. அவ்வளவுதான். விளையாட்டின் ஆழம் ஒரு துளிகூடக் குறையவில்லை, கழித்தல் மட்டும் போனது.

நான் இதற்குள் வந்ததே அந்த மூன்றாம் பதிப்பின் 3.5 திருத்தத்தில்தான். பேராதனையில் படிக்கும்போது ஒரு சீனியரிடம் இருந்த போட்டோகொப்பி, ஓரமெல்லாம் பருப்புக் கறி. அருமையான விளையாட்டு, ஆனால் அதற்கும் ஒரு வியாதி இருந்தது. எதிரியை இரண்டு பக்கமும் வளைத்தால் உருட்டலோடு 2 கூட்டு, மேட்டில் நின்றால் 1 கூட்டு, ஓடிவந்து குத்தினால் 2 கூட்டு, விழுந்து கிடந்து குத்தினால் 4 கழி. ஒரு குத்துக்கு மூன்று பேர் விரல் மடக்கிக் கணக்குப் பார்ப்போம், கணக்கு முடியும்போது அந்த ஆள் ஏன் கத்தியை எடுத்தான் என்பதே மறந்திருக்கும். யாரையாவது கட்டிப்பிடிக்கப் பார்ப்பதற்கு அந்தப் பதிப்பில் இருந்த விதியைப் பற்றி நான் பேசவே போவதில்லை, நாங்கள் அதைக் கண்டதும் பக்கத்தைப் புரட்டிவிடுவோம்.

2014இல் வந்த ஐந்தாம் பதிப்பு இந்தச் சில்லறை எண்களில் அனேகத்தைத் தூக்கிவிட்டு ஒரே ஒரு விதியைப் போட்டது. நிலைமை உங்களுக்குச் சாதகமா, இருபதுமுகப் பகடையை இரண்டு தரம் உருட்டிப் பெரியதை எடு. பாதகமா, சின்னதை எடு. 11 அல்லது அதற்கு மேல் வேண்டும் என்கிற இடத்தில் சாதாரணமாக நூற்றுக்கு 50 வாய்ப்பு, சாதகத்தோடு 75, பாதகத்தோடு 25. இதை விளக்க எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது. என் அக்காவின் மகளுக்குப் பத்து வயசு, முதல் நாளே புரிந்தது. இன்னொன்று, இரண்டு பகடை உருளும்போது மேசையே எழும்பி நின்று பார்க்கும். 2 கூட்டு என்று சொன்னால் யாரும் எழும்புவதில்லை. வேகமும் கூடுகிறது, பரபரப்பும் கூடுகிறது, இரண்டும் ஒரே விதியிலிருந்து வருவது அபூர்வம்.

இடையில் 2008இல் வந்த நாலாம் பதிப்பைத் திட்டுவது ஒரு காலத்தில் பேஷன். நான் அப்படித் திட்ட மாட்டேன். அது கையிலெடுத்த பிரச்சினை உண்மையானது. பெரிய நிலைகளில் மந்திரவாதி வானத்திலிருந்து நெருப்பு இறக்கும்போது வாள்காரன் "நான் வெட்டுறேன்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருப்பான், பாவமாக இருக்கும். அதற்கு நாலாம் பதிப்பு என்ன செய்தது என்றால், எல்லாருக்கும் ஒரே மாதிரி வித்தைகளைக் கொடுத்தது. சில எப்போதும் செய்யலாம், சில ஒரு சண்டைக்கு ஒருமுறை, சில நாளுக்கு ஒருமுறை, ஒவ்வொன்றும் கலர் தலைப்புப் போட்ட பெட்டியில். கணக்குப்படி எல்லாரும் சமம். ஆனால் மேசையில் யாரும் அந்தப் பிரச்சினையை அந்த வழியில் தீர்த்துக்கொண்டிருக்கவில்லை. வாள்காரனின் பக்கமும் மந்திரவாதியின் பக்கமும் ஒரே முகமாகத் தெரிந்ததும், பலருக்கு இது வேறு விளையாட்டு என்று தோன்றிவிட்டது. பைசோ நிறுவனம் 3.5 விதிகளையே எடுத்துத் திருத்தி 2009இல் பாத்ஃபைண்டர் என்று போட்டபோது ஒரு கூட்டம் அந்தப் பக்கம் போனது. அதற்குப் பிறகுதான் 2012இல் ஐந்தாம் பதிப்பின் வரைவுகளை வெளியே விட்டு, விளையாடிப் பார்த்துச் சொல்லுங்கள் என்று எல்லாரிடமும் கேட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், நாலாம் பதிப்பின் நல்ல யோசனைகள் ஒன்றும் வீணாகவில்லை. எதிரியின் உயிர் பாதிக்குக் குறைந்தால் அவனை 'ரத்தம் கண்டவன்' என்று சொல்லும் வழக்கம் அதிலிருந்ததுதான், 2024இல் திரும்பி வந்திருக்கிறது.

வேறு விளையாட்டுகளிலும் இதைப் பார்க்கலாம், சுருக்கமாகச் சொல்கிறேன். பாத்ஃபைண்டரின் 2019 பதிப்பில் ஒரு முறைக்கு மூன்று செயல், எதற்கு வேண்டுமானாலும் செலவழி, ஆனால் இரண்டாவது அடிக்குக் குறைய 5, மூன்றாவதுக்குக் குறைய 10. பெரிய செயலா, சின்னச் செயலா, நடையா என்ற விளக்கமெல்லாம் ஒரே வரியில் முடிந்தது. 'கால் ஆஃப் கதுலு' என்ற பேய்க் கதை விளையாட்டு 1981இலிருந்து இருக்கிறது, அதன் ஏழாம் பதிப்பில் தோற்ற உருட்டலை இன்னொரு தரம் உருட்டலாம். ஆனால் இந்தத் தரம் வேறு என்ன செய்கிறாய் என்று சொல்ல வேண்டும், அதுவும் தோற்றால் முதலில் நடந்திருக்க வேண்டியதைவிட மோசமாக நடக்கும். கதவைத் தள்ளித் திறக்க முடியவில்லையா, சரி, மண்வெட்டியைக் கொண்டுவந்து நெம்பு, சத்தத்துக்கு யார் வந்தாலும் என்னைக் கேட்காதே. பேய்க் கதைக்கு இதைவிட என்ன வேண்டும்.

இனி 2024க்கு வருவோம்.

எனக்கு ஆகப் பிடித்தது களைப்பு விதி. 2014இல் களைப்பு ஆறு படி, ஒவ்வொரு படிக்கும் ஒவ்வொரு தண்டனை. முதலாவதில் திறமை உருட்டல்களுக்குப் பாதகம், இரண்டாவதில் நடை பாதி, மூன்றாவதில் அடிக்கும் பாதகம், நாலாவதில் உயிர்ப் புள்ளி பாதி, ஐந்தாவதில் நகரவே முடியாது, ஆறாவதில் மரணம். இதை நான் இப்போது பார்க்காமல் எழுதினேன் என்றால் அது பத்து வருஷப் பழக்கம், மேசையில் வேறு யாருக்கும் ஞாபகம் இருந்ததில்லை. அதனால் நாங்கள் யாருக்கும் களைப்பே வரவிடாமல் கதையை ஓட்டினோம். யோசித்துப் பாருங்கள், மலையில் வாழ்கிறோம், எங்கள் கதையில் ஒருவனுக்கும் மூச்சு வாங்குவதில்லை! 2024இல் ஒரு படிக்கு எல்லா இருபதுமுக உருட்டலிலும் குறைய 2, நடை 5 அடி குறைவு, ஆறில் மரணம். முடிந்தது.

மாறின அடுத்த வாரமே சிவனொளிபாதமலையை வைத்து ஒரு கதை போட்டேன். நல்லதண்ணிப் பக்கத்திலிருந்து இரவில் ஏறுகிறார்கள், பருவம் இல்லாத மாதம், கடை இல்லை, விளக்கு இல்லை, பின்னால் ஏதோ ஒன்று வருகிறது, ஐயாயிரத்துக்கு மேல் படிகள். ஓய்வெடுத்தால் அது கிட்ட வரும், ஓய்வெடுக்காவிட்டால் களைப்பு ஏறும். புளியங்கொட்டை ஒரு கிண்ணத்தில் வைத்திருந்தேன், களைப்பு ஒரு படி ஏறினால் ஒரு கொட்டை அவர் முன்னால். மூன்று கொட்டை விழுந்ததும் தங்கச்சி தன் பலடினின் இரும்புக் கவசத்தைக் கழற்றிப் பள்ளத்தில் எறிந்தாள். கவசம் களைப்பைக் கூட்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை, அந்தக் கொட்டைகளைப் பார்த்ததும் அவளுக்கே தோன்றியது. வெளியே அசல் மழை, தகரக் கூரையில் சத்தம், ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காமல் எல்லாரும் கத்திக்கொண்டிருந்தோம். அன்று நான் புத்தகத்தை ஒரு தரம்கூடத் திறக்கவில்லை.

ஆயுத வித்தை என்று ஒன்று புதிதாக வந்திருக்கிறது, அதில் எனக்கு இரண்டு மனசு. பெரிய வாளின் வித்தை தெரிந்தவன் குறி தவறினாலும் எதிரிக்குக் கொஞ்சம் காயம் படும். எங்கள் மேசையில் பகடையே விழாத ராசிக்காரன் ஒருவன் இருக்கிறான், அவனுக்கு இது வரப்பிரசாதம், "நான் ஒண்ணும் பண்ணல" என்று சோர்ந்து உட்காருவது நின்றது. ஆனால் தடி, பெரிய சம்மட்டி மாதிரி சில ஆயுதங்கள் அடித்தால் எதிரியைக் குப்புறத் தள்ளப் பார்க்கும், அதற்கு அடி விழும் ஒவ்வொரு தரமும் டிஎம் தனியாக ஒரு பகடை உருட்ட வேண்டும். ஐந்தாம் நிலையில் ஒருவனுக்கு முறைக்கு இரண்டு அடி. இரண்டு பேர் தடியோடு வந்துவிட்டால் நான் கதை சொல்வதா, உருட்டிக்கொண்டே இருப்பதா? வாள்காரன் பாவம் என்ற பழைய முறைப்பாட்டுக்கு இது நல்ல மருந்துதான், கசப்பு மட்டும் டிஎம் பக்கம்.

புத்தகத்தின் அடுக்கு முறை மாறியதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை, எனக்கு அது பெரிய விஷயம். 2014 புத்தகம் 320 பக்கம், எடுத்ததும் பாத்திரம் செய், குலம் என்ன, தொழில் என்ன என்று போகும், எப்படி விளையாடுவது என்பது பாதிக்குப் பிறகு வரும். 2024இல் 384 பக்கம், முதல் அத்தியாயமே எப்படி விளையாடுவது. கடைசியில் விதிச் சொற்கள் எல்லாம் அகர வரிசையில். சண்டை நடுவில் ஒரு சந்தேகம் வந்தால் பின் பக்கத்தைத் திறந்தால் போதும். கரண்ட் போன இரவில் போன் வெளிச்சத்தில் பக்கம் தேடினவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும். 2022இல் நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம்கூடக் கரண்ட் இல்லாமல் இருந்தோமே, அப்போது மெழுகுதிரியில் விளையாடினோம். அந்த 2014 புத்தகத்தின் நடுப் பக்கங்களில் இன்னும் மெழுகு ஒட்டியிருக்கிறது.

காசு விஷயம். புது விளையாட்டாளர் புத்தகம் 2024இல் வந்தபோது அட்டை விலை 49.99 டொலர். டொலர் 300 ரூபாய் என்று வைத்தாலே 15,000, தபால் வேறு. 2024 செப்டெம்பரில் இந்தப் புத்தகம் வந்தபோதுதான் தோட்டத்தில் அடிப்படை நாட்சம்பளத்தை 1,350 என்று நிர்ணயித்தார்கள். அதாவது பதினொரு நாள் முழுப்பேர் (முழு நாட்சம்பளம்) விழுந்தாலும் ஒரு புத்தகத்துக்குக் காணாது. எங்கள் மேசையில் இரண்டு பேர் தோட்டத்துப் பிள்ளைகள், அவர்களிடம் வாங்கு என்று சொல்ல எனக்கு வாய் வராது. அதனால் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்: 2023 ஜனவரியில் இந்த விளையாட்டை வெளியிடும் நிறுவனம், மற்றவர்கள் விதிகளைப் பயன்படுத்தும் உரிமத்தை மாற்றப் போய் உலகம் முழுக்க ஆட்கள் சண்டைக்கு வந்ததும், 2014 விதிகளின் அடிப்படைத் தொகுப்பை கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தில் விட்டார்கள். 2025 ஏப்ரலில் புது விதிகளின் தொகுப்பும் அதே உரிமத்தில் வந்துவிட்டது. இலவசம். பன்னிரண்டு தொழிலும் இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் ஒரு உபபிரிவுதான், ஆனால் குப்பி, களைப்பு, ஆயுத வித்தை எல்லாம் உண்டு. எங்கிருந்து எடுத்தது என்று போட்டுவிட்டுத் தமிழாக்கலாம், அச்சடிக்கலாம், யாரையும் கேட்க வேண்டாம். நாங்கள் நாலு பக்கத்தில் தமிழில் பாத்திரத் தாள் செய்து போட்டோகொப்பி அடித்து வைத்திருக்கிறோம். வலிமை, கைலாவகம், தாக்குப்பிடிப்பு, அறிவு, பட்டறிவு, வசீகரம். பட்டறிவு என்று போட்டதுக்குத்தான் பெரிய விவாதம், கடைசியில் எங்கள் அம்மாதான் தீர்த்து வைத்தார்: "படிச்சு வாறது அறிவு, பட்டு வாறது அது."

உங்கள் சண்டைக்கு வருகிறேன், தம்பி. ஓடிக்கொண்டிருக்கும் கதையை நடுவில் நிறுத்தி மாற வேண்டாம். முதலில் உங்கள் கொப்பியின் பின் அட்டையைப் பாருங்கள், நீங்களே எழுதிவைத்த திருத்தங்கள் என்னென்ன என்று. எங்கள் அட்டையில் ஒன்பது இருந்தது, அதில் ஐந்தைப் புதுப் புத்தகம் தானே செய்துவிட்டது, அதனால் மாறினோம். உங்களுடையதில் ஒன்றுதான் ஒத்துப்போகிறது என்றால் அந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு பழைய புத்தகத்திலேயே இருங்கள், யாரும் வந்து பிடிக்கப் போவதில்லை. முந்நூற்று நாலு என்ற சீட்டாட்டத்தைப் பாருங்கள், குலாம் 30, ஒன்பது 20 என்பதில் சண்டை இல்லை, ஆனால் கேள்வி (ஏலம்) கேட்பதில் வீட்டுக்கு வீடு ஒரு பழக்கம், அதற்காக யாரும் ஆடாமல் இருக்கிறார்களா? பழைய சாகசப் புத்தகங்களையும் வீச வேண்டாம், புது விதியோடு அவை பெரும்பாலும் அப்படியே ஓடும்.

ஒன்றை மட்டும் எச்சரித்துவிடுகிறேன். பதுங்கும் விதி. 2014இல் பதுங்கினால் எதிரியின் கவனிப்போடு ஒப்பிட்டுப் பார்ப்போம், மிச்சத்தை டிஎம் தீர்மானிப்பார், அதில் யாரும் முறைப்பாடு சொன்னதாக எனக்கு ஞாபகமில்லை. 2024இல் மறைவான இடத்தில் நின்று 15 உருட்டினால், மாயமாய் மறைந்தவனுக்கு உள்ள அதே நிலை கிடைக்கிறது. எப்போது அது கலையும் என்று ஒரு பட்டியல், சத்தம் போட்டால், அடித்தால், யாராவது தேடிக் கண்டுபிடித்தால் என்று. ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் நடுவில் உள்ள சிங்கமலைச் சுரங்கத்தை வைத்து ஒரு கதை ஓட்டினேன். திருடன் விளையாடும் பொடியன் தள்ளுவண்டிக்குப் பின்னால் பதுங்கி 19 உருட்டினான். பிறகு எழும்பி, ஐந்து காவல்காரர் விளக்கோடு நிற்கும் தண்டவாளத்தில் நடு நடுவாக நடந்தான். "என்னடா செய்றே?" என்றேன். "நான் சத்தம் போடல, அடிக்கல, அவங்க யாரும் தேடல. புத்தகத்தைப் பாருங்க சேர்." பார்த்தேன். வெளிச்சத்தில் வந்து நின்றால் கலையும் என்று அந்தப் பட்டியலில் இல்லை. இருபத்தைந்து நிமிஷம் வாதாடினோம், தேத்தண்ணி ஆறிவிட்டது, காவல்காரர்கள் அதுவரை கண்ணைத் திறந்துகொண்டு சிலை மாதிரி நின்றார்கள்.

அடுத்த சனிக்கிழமை அவனே பின் அட்டையில் எழுதினான், எழுத்துப் பிழையோடு: "பதுங்கிறது பழைய மாதிரிதான்."